புகைக்கூட்டு முழிவியளம்

எங்கள் வீட்டில் நான்கு பேர். அதில் மூன்று பேர் சுவிஸ் குடிமக்கள், அப்பா மட்டும் இல்லை. ஆனால் வாக்களிப்புக்கு முன்னால் தபாலில் வருகிற அந்தத் தடித்த உறையை முதலில் உடைப்பவர் அவர்தான். உள்ளே இருக்கும் விளக்கப் புத்தகத்தை அகராதியும் கையுமாக முன்னட்டை தொடங்கிப் பின்னட்டை வரை வாசிப்பவரும் அவர்தான். பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்றுவதா, ஊருக்குள் புதுச் சுற்றுவட்டம் போடுவதா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு முடிந்த முடிவு இருக்கும்.

"சுற்றுவட்டத்துக்கு இல்லை எண்டு போடுங்கோ. அந்த இடத்திலை லொறி திரும்பாது" என்றார் அந்த முறை.

அப்பா ஓல்டன் நகரில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்பவர். லொறி திரும்புமா திரும்பாதா என்பது அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் சுற்றுவட்டத்துக்கு நடுவில் பூ வைப்பார்கள் என்பதற்காக அம்மா ஆம் என்று போட்டார். தங்கச்சி மறந்துபோனாள். நான் இரண்டு பக்க நியாயங்களையும் ஆராய்ந்து ஆராய்ந்தே நாளைக் கடத்திவிட்டேன். சுற்றுவட்டம் வந்தது. பூவும் வந்தது. முதல் வாரமே ஒரு லொறி அந்தப் பூவுக்கு மேலே ஏறி நின்றது.

"வாசிச்சவனுக்கு வோட் இல்லை. வோட் இருக்கிறவைக்கு வாசிப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு அப்பா அன்று முழுவதும் எங்கள் யாருடனும் கதைக்கவில்லை.

அம்மாவும் நாங்கள் இருவரும் குடியுரிமை எடுத்தது நாங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில். அப்போது அப்பா இரவு வேலை செய்துகொண்டிருந்தார். ஆறுதலாகப் பார்ப்போம் என்று விட்டுவிட்டார். பிறகு தனியாக விண்ணப்பித்து, ஊராட்சிக் குழுவின் நேர்முகத்துக்குப் போனார். ஓய்வு நேரத்தில் இந்த ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அப்பா உள்ளதைச் சொன்னார்: "நித்திரை." ஊர் வாழ்க்கையில் போதிய பங்கெடுப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து, சுற்றுவட்டத்துக் கோபத்தில், இரண்டாம் தடவை விண்ணப்பித்தார். "இதுவும் சரிவராட்டி இனி அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன்" என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான். அந்த வாக்குச்சீட்டு அவர் கைக்கு வருமா வராதா என்பது இந்த ஒரு நேர்முகத்தில் இருந்தது.

இந்த இடத்தில் தங்கச்சியையும் என்னையும் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெருமைக்காக அல்ல, எனக்குப் பெருமைப்பட அதில் அதிகம் ஒன்றும் இல்லை.

சுவிஸில் பதினைந்து வயதளவில் பிள்ளைகளின் பாதை பிரிகிறது. ஒரு பாதை கிம்னாசியம், அங்கிருந்து பல்கலைக்கழகம். மற்றது லேர: வாரத்தில் பெரும்பாலான நாட்கள் ஒரு தொழிலகத்தில் வேலை பழகி, மீதி நாள் பள்ளிக்கூடம் போய், கையில் ஒரு தொழிலோடு வெளியே வருவது. சுவிஸ்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் சனத்துக்கு கிம்னாசியம் என்றால் கேக் வெட்டு. லேர என்றால், "ஏன், பிள்ளைக்கு ஏதும் பிரச்சினையோ?"

நான் கிம்னாசியத்துக்கு எடுபட்டபோது கேக் வெட்டினார்கள். கனடாவிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் அழுதார். இரண்டு வருடம் கழித்துத் தங்கச்சியின் முறை வந்தது. லேர தொடங்க முன் பிள்ளைகளைச் சில நாட்கள் ஒரு வேலையிடத்துக்கு அனுப்பி, பிடிக்கிறதா என்று பார்ப்பது இங்கே வழக்கம். பல் வைத்தியரிடமும் ஒரு காப்புறுதி அலுவலகத்துக்கும் அப்பா பார்த்து அனுப்பினார். மூன்றாவது இடத்தை அவளே பார்த்துக்கொண்டாள். அன்று பின்னேரம் உச்சி முதல் கால் வரை கரியோடு, பல் மட்டும் வெள்ளையாக, சிரித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஐயோ, ஆரடி உனக்கு இப்பிடிச் செய்தது?" என்று அம்மா குளறினார்.

யாரும் செய்யவில்லை. புகைக்கூடு துப்புரவாக்கும் தொழிலை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். வீட்டுக் கூரையில் ஏறி, நீளமான கம்பித் தூரிகையைப் புகைக்கூட்டுக்குள் இறக்கி, கரியைச் சுரண்டி, கீழே வந்து அடுப்பையும் கொதிகலனையும் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். அப்பா ஒரு கிழமை சாப்பாட்டு மேசையில் தலை நிமிரவில்லை. பிறகு நிமிர்ந்து, உறவுக்காரருக்குச் சொல்வதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சின்னவள் என்ன செய்யிறாள் அண்ணை?"

"அவள் சுற்றுச்சூழல் பகுதியிலை."

"பெரிய வேலையோ?"

"உயரமான வேலை."

ஒரு சொல்லும் பொய் இல்லை. என்னைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர் சிரமப்பட்டார். நான் சமூகவியல் படித்தேன். என் முதுகலை ஆய்வு, மலைக் கிராமத்துப் பேருந்து நிறுத்தங்களில் மக்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. இரண்டு குளிர்காலம் நிறுத்தம் நிறுத்தமாக நின்று, காத்திருப்பவர்களைப் பார்த்து எழுதினேன். அம்மா அதைச் சுருக்கி, "மூத்தவள் பஸ் பகுதியிலை ஆராய்ச்சி" என்று சொல்லிவைத்தார். மாமி ஒருத்தி எனக்குத் தொலைபேசி எடுத்து, பருவச்சீட்டு மலிவாக எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள்.

எது லாபம், பட்டமா தொழிலா என்ற வழக்கு எங்கள் வீட்டில் தினமும் இரவுச் சாப்பாட்டோடு நடக்கும். நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்குப் போனபோது தங்கச்சி சொந்தக் காசில் கார் வாங்கினாள். என்னைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு போனாள், ஏனென்றால் முன் இருக்கையில் அவளுடைய சப்பாத்துப் பை இருந்தது. நான் படித்து முடித்தபோது அவள் தொழிலில் அடுத்த தேர்வுக்கும் ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். நான் வேலை தேடுவோர் அலுவலகத்தில் இலக்கம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே எனக்கென்று ஒதுக்கிய ஆலோசகர் என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வேலைகளுக்கு உங்கள் படிப்புக் கூட, அந்த வேலைகளுக்கு அனுபவம் காணாது" என்றார். பிறகு மிகவும் அன்பாக, "லேர ஏதாவது செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இதை நான் வீட்டில் வந்து சொன்னபோது தங்கச்சிக்குச் சிரிப்பில் சோறு மூக்கில் ஏறியது.

"படிப்பின்ர பலன் காசு மட்டும் இல்லை. அது யோசிக்கப் பழக்குது" என்றேன் நான்.

"ஓம் அக்கா. நீ இருந்து யோசி. நான் குளிச்சிட்டு வாறன்" என்று எழும்பிப் போனாள்.

சரி, விட்டுத்தள்ளுவோம். வேலை இல்லாதவளுக்கு நேரம் இருக்கும்தானே. அப்பாவைத் தயார்ப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தினமும் பின்னேரம் தேத்தண்ணியோடு மேசையில் உட்காருவோம். நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்லவேண்டும். அவரோ எல்லாவற்றுக்கும் எதிர்க்கேள்வி கேட்பார்.

"நாட்டை ஆளுறது ஏழு பேர். அதிலை பெரியாள் ஆர்?"

"ஒருத்தரும் பெரியாள் இல்லை அப்பா. ஏழு பேரும் ஒண்டுதான்."

"அப்ப சண்டை வந்தா?"

"கதைச்சு முடிவெடுப்பினம்."

அப்பா யன்னல் பக்கம் கையைக் காட்டினார். "அதுதான் சுற்றுவட்டம் இப்பிடி வந்திருக்கு" என்றார்.

ஓய்வு நேரம் பற்றிய கேள்விக்குத்தான் அதிகம் பாடுபட்டோம். இந்த நாட்டுச் சனம் ஓய்வு கிடைத்தால் நடக்கப் போகும். ஆகவே, "நான் ஓய்வு நேரத்தில் விருப்பத்தோடு நடப்பேன்" என்று சொல்லப் பழக்கினேன். எங்கே நடப்பீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று சோதித்துப் பார்த்தேன். "பஸ் ஸ்டாண்டுக்கு" என்றார். கடைசியில், லேர பற்றிக் கேட்டால் அதைப் புகழவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். சுவிஸ்காரர்களுக்கு லேர என்றால் உயிர். என் வாயாலேயே அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது என் தலையெழுத்து.

நேர்முகம் ஒரு வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு. படிப்பு என் பொறுப்பு என்றால் முழிவியளம் அப்பாவின் பொறுப்பு. நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது முதலில் எதிரே வருவது யார், எது என்பதுதான் முழிவியளம். சுமங்கலிப் பெண், பால், நிறைகுடம் என்றால் காரியம் பலிக்கும். கரி, விறகு, எண்ணெய், வெறுங்குடம் என்றால் போன காரியம் கெட்டது. "எங்கை போறியள்?" என்று யாராவது கேட்டுவிட்டாலும் கெட்டது. அப்படி ஆகிவிட்டால் வீட்டுக்குள் திரும்பிப்போய், கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடவேண்டும். முதல் நேர்முகத்தன்று எதிரே வந்தது குப்பை லொறி என்று அப்பா பின்னர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

இந்தத் தடவை அவர் ஒன்றையும் தற்செயலுக்கு விடவில்லை. எங்கள் வீடு கீழ்த்தளத்தில். அம்மா சேலை கட்டி, பொட்டு வைத்து, கையில் ஒரு பால் பெட்டியோடு கட்டடத்துக்கு வெளியே போய் நிற்கவேண்டும். நான் அம்மாவின் கைத்தொலைபேசிக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பேன். உடனே அம்மா பெரிய கதவால் உள்ளே வருவார், அதே நேரம் அப்பா வீட்டுக் கதவைத் திறப்பார்.

"வடிவாச் சிரிச்சுக்கொண்டு வாரும். அவசரப்படாதையும்" என்று அப்பா அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

"இந்தக் குளிருக்குள்ளை எனக்குச் சிரிப்பு எங்காலை வரும்?" என்று அம்மா கேட்டுக்கொண்டு போனார்.

நான் மிஸ்ட் கோல் கொடுத்தேன். அப்பா முருகா என்று வலதுகாலை எடுத்து வைத்துக் கதவைத் திறந்தார். பெரிய கதவும் திறந்தது. தங்கச்சி வந்தாள்.

வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, தோளில் சுருட்டிய கம்பித் தூரிகை, முகம் முழுக்கக் கரி, நடுவில் இரண்டு கண். அவளுக்குப் பின்னால் அம்மா பால் பெட்டியை ஆட்டிக்கொண்டு, "தள்ளடி! தள்ளடி!" என்று ஓடி வந்தார்.

அப்பா வைத்த காலை எடுத்துக் கதவை அடித்துச் சாத்தினார்.

"கரி! முழுக்கக் கரி!"

"அப்பா, அது தங்கச்சி."

"தங்கச்சி எண்டு எனக்குத் தெரியாதோ? தங்கச்சிதான் கரியா நிக்கிறாள்!"

உள்ளே போனார். கதிரையில் இருந்தார். ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் குடித்தார். வெளியே தங்கச்சியின் குரல் கேட்டது.

"என்ர வீட்டுக்கு வாறதுக்கும் நான் நேரம் பாக்க வேணுமோ?"

அம்மா மறுபடி வெளியே போய் நின்றார். மறுபடி மிஸ்ட் கோல். அப்பா கதவைத் திறந்தார். இந்தத் தடவை மேல் மாடியில் இருக்கும் வயதான சுவிஸ் அம்மையார் பழைய பேப்பர்க் கட்டோடு கீழே இறங்கியிருந்தார். தங்கச்சியைக் கண்டதும் கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவளுடைய சட்டையின் பித்தளைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றார். அப்பாவைக் கண்டு முகம் மலர்ந்து, "அடடா, என்ன அழகான உடுப்பு! எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார்.

கரியும் நின்றது, கேள்வியும் கேட்டாயிற்று. அப்பா மரியாதையாகச் சிரித்து, தலை குனிந்து, கதவைச் சாத்தினார். மறுபடி தண்ணீர், ஒரு தோஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டு கிளாஸ்.

மூன்றாம் தடவை தங்கச்சி தபால்பெட்டிகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அம்மா குளிரில் விறைத்த சிரிப்போடு பாலை ஏந்தி வந்தார். அப்பா வலதுகால் வைத்து வெளியே வந்தார். எல்லாம் சரியாக நடந்தது. நாங்கள் தெருவுக்கு வந்தபோது பேருந்தின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. எங்கள் ஊரில் அடுத்த பேருந்து அரை மணிக்குப் பிறகுதான்.

"என்ர வானிலை ஏறுங்கோ" என்றாள் தங்கச்சி, தெருவோரம் நின்ற தன் வேலை வானைக் காட்டி.

"உந்தக் கரி வானிலையோ?"

"இல்லாட்டி நடவுங்கோ. ஓய்வு நேரத்திலை விருப்பத்தோட நடப்பனெண்டு சொல்லப் போறியள்தானே."

ஏறினார். இருக்கையில் பேப்பர் விரித்து, கோட்டின் நுனியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் பின்னால் தூரிகைகளுக்கும் ஏணிக்கும் நடுவில் குந்திக்கொண்டு, இருபத்தாறு மாநிலங்களையும் கடைசித் தடவையாகக் கேட்டேன். வான் சுற்றுவட்டத்தைச் சுற்றும்போது அப்பா பதினேழாவதில் நின்று, "பார், வானே கஷ்டப்படுது" என்றார்.

ஊராட்சி மன்றக் கட்டடத்தின் நடையில் ஒரு வாங்கு இருந்தது. தங்கச்சி அதில் பேப்பர் விரித்து உட்கார்ந்தாள். அப்பா அவளிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கமுடியுமோ அவ்வளவு தள்ளி நின்றார். என் ஆய்வில் வரும் காத்திருப்பவர்கள் இப்படித்தான் நிற்பார்கள். குழுவில் ஐந்து பேர். ஒவ்வொருவராக நடையால் வந்தார்கள்.

முதலில் வந்தது தலைவி, பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரிய மனுஷி. தங்கச்சியைக் கண்டதும் "ஓ!" என்று கையை நீட்டி அவள் தோளைத் தொட்டாள். அடுத்து வந்த ஆசிரியர், மகனுக்கு நாளை தேர்வு என்று சொல்லித் தொட்டார், கொஞ்சம் நடந்துபோய்த் திரும்பிவந்து இன்னொரு தடவையும் தொட்டார். தீயணைப்புப் படைக்காரர் பொத்தானைத் திருகினார். மற்ற இருவரும் வரிசையில் நின்றார்கள். இந்த நாட்டில் புகைக்கூட்டுக்காரரைக் காண்பது அதிர்ஷ்டம். தொட்டால் இரட்டை அதிர்ஷ்டம், கரி கையில் ஒட்டினால் இன்னும் விசேஷம். கல்யாணங்களுக்குக் கூட அவர்களைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்துவார்கள்.

அப்பாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடமாக இங்கே முழிவியளம் பார்க்கிற மனுஷன். உள்ளூர் முழிவியளம் என்று ஒன்று இருப்பதை இப்போதுதான் காண்கிறார்.

"இதென்ன பிள்ளை, இவைக்குக் கரி நல்லதோ?" என்று என் காதில் கேட்டார்.

"ஓம் அப்பா. சரியான நல்லது."

அவர் யோசித்தார். "அப்ப முதல் தரம் கதவைத் திறக்கேக்கையே நல்லதாத்தான் வந்திருக்கு. எந்த நாட்டிலை நிக்கிறமோ அந்த நாட்டு முழிவியளம்தானே செல்லும்." பிறகு முகம் சுருங்கியது. "அநியாயமா மூண்டு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டன்."

அப்போதுதான் அவர் கால் மாற்றி மாற்றி நிற்பதைக் கவனித்தேன்.

தலைவி தங்கச்சியிடம், இங்கே என்ன வேலை என்று கேட்டாள். தங்கச்சி தூரிகையால் சுட்டிக்காட்டி, "என் அப்பாவோடு வந்தேன்" என்றாள். ஐந்து பேரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். சுற்றுச்சூழல் பகுதி அந்த நடையிலேயே அடிபட்டுப்போனது. கழிப்பறைக்குப் போகக் கேட்கலாம் என்று அப்பா வாய் திறக்க முன், ஐந்து மணி அடித்து எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

துணைக்கு ஒருவர் உள்ளே இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வழமையாக அப்பா ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் ஊர் சுற்றி, உலகம் சுற்றி, ஜெர்மன் வினைச்சொற்களை வழியில் தொலைத்துவிட்டு வந்து சேர்வார். அன்று தொடைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தவருக்குச் சுற்ற நேரமில்லை. ஏழு பேர் என்றார். இருபத்தாறு என்றார். ஆற்றின் பெயரைக் கேள்வி முடிய முன் சொன்னார். ஆசிரியர் பாராட்டும் விதமாகத் தலையாட்டினார்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்கள்.

"மூத்தவள் முதுகலை" என்று என்னைக் காட்டினார்.

"எதில்?"

"பஸ் நிற்கும் இடம். சனம் எப்படிக் காத்திருக்கிறது என்று."

தீயணைப்புப் படைக்காரர் உண்மையான அக்கறையோடு முன்னால் சாய்ந்தார். "ஆய்வில் என்ன கண்டுபிடித்தீர்கள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் என் தொண்டையில் நின்றன. நான் வாய் திறக்கக் கூடாது. அப்பாதான் பதில் சொன்னார்: "இன்னும் காத்திருக்கிறார்கள்."

பிறகு வந்தது அந்தக் கேள்வி. இந்த ஊரோடு உங்களுக்கு என்ன தொடர்பு, இங்கே எதில் பங்கெடுக்கிறீர்கள்? நான் விருப்பத்தோடு நடப்பேன், நான் விருப்பத்தோடு நடப்பேன் என்று மனதுக்குள் அவருக்கு எடுத்துக்கொடுத்தேன். ஆனால் நடப்பதைப் பற்றி நினைக்கும் நிலையில் அவர் இல்லை. மனதில் முதலில் வந்ததைச் சொன்னார்.

"எனக்கு எல்லா வீடும் தெரியும். சின்ன மகள் தினமும் சாப்பிடும்போது சொல்லுவாள், நான் தினமும் கேட்பேன். தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டுப் புகைக்கூட்டில் காகம் கூடு கட்டியிருக்கிறது. குஞ்சு பறக்கும்வரை அவர்கள் அடுப்பு மூட்டவில்லை. நல்ல சனம். பாடசாலைத் தெருவில் ஒரு வீட்டில் ஈர விறகு எரிக்கிறார்கள். அது கூடாது." கொஞ்சம் நெளிந்தார். "இன்னும் சிலர் அடுப்பில் பீட்சா பெட்டி எரிக்கிறார்கள். ஒருவர் பெயின்ற் அடித்த பழைய கதிரையே எரித்திருக்கிறார். அது சட்டப்படி குற்றம்."

தலைவியின் கழுத்து மெல்லச் சிவந்தது. ஆசிரியர் தன் பேனாவின் மூடியைக் கழற்றிப் பூட்டினார். தீயணைப்புப் படைக்காரர் கூரையைப் பார்த்தார், அவர் காது இரண்டும் தக்காளிப் பழம்.

"பெயர்கள் தேவையில்லை" என்றாள் தலைவி அவசரமாக.

"சொல்லமாட்டேன்" என்றார் அப்பா. "நான் இந்த ஊரில் இருக்கவேண்டியவன்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் மேசையில் இருந்து படிப்பித்ததெல்லாம் ஒரு பழைய கதிரையோடு எரிந்து சாம்பலாகப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, அப்பாவின் நெற்றியில் வியர்வை வந்தது. தலைவி தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசிக் கேள்வி என்றாள். "உங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது, பல்கலைக்கழகமும் லேரயும். நேர்மையாகச் சொல்லுங்கள், எது பலன் தந்தது?"

இது நாங்கள் படித்த கேள்வி. புகழுங்கள் அப்பா, லேரயைப் புகழுங்கள்.

அப்பா எழுந்தே விட்டார். ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு, வினைச்சொல் இல்லாத ஜெர்மனில் ஒரே மூச்சில் சொன்னார். தமிழில் எழுதினால் இப்படி வரும்: "லேர, காசு. யூனி, கதை. வீட்டுக்கு இரண்டும். கழிப்பறை எங்கே, தயவுசெய்து?"

தலைவி கதவைக் காட்டினாள். அப்பா ஓடினார். என்னையும் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

எத்தனை வருடப் படிப்பு, ஒரே சொல்லில் "கதை". நடையில் வந்து தங்கச்சிக்குப் பக்கத்தில் பொத்தென்று இருந்தேன். கோட்டில் கரி பட்டது, படட்டும். எங்கள் ஊர் சின்ன ஊர், குழு தங்களுக்குள் பேசி முடிவை அங்கேயே வாயால் சொல்லிவிடும், கடிதம் பிறகு வரும். உள்ளே பேச்சுக் கேட்கவில்லை. சிரிப்புத்தான் கேட்டது. யாரோ மேசையில் தட்டிச் சிரித்தார்கள். கதவு திறந்தது, ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். ஒருமனதாக என்றாள் தலைவி. ஊரை இந்த அளவுக்குத் தெரிந்துவைத்திருக்கும் ஆளை இத்தனை வருடத்தில் கண்டதில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தித் தங்கச்சியிடம், "அந்தக் கதிரை, மாமியாருடையது" என்றாள்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது ஐந்து பேரும் நாங்கள் இருவரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம். அவர் பதறிப்போய்க் குனிந்து தன் காற்சட்டைச் சிப்பைச் சரிபார்த்தார். தான் சுவிஸ்காரன் ஆன செய்தியை அந்தக் கட்டடத்தில் கடைசியாக அறிந்தவர் அவர்தான்.

கை குலுக்கி முடிந்து வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தோம். அப்பா ஒரு சாண் உயர்ந்த மாதிரி நடந்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. என் படிப்பித்தலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

"பிள்ளை, நாளைக்கு முதல் வேலையாக் கோயிலுக்குப் போகவேணும். பிள்ளையாருக்கு நேர்த்தி" என்றார்.

"ஓம் அப்பா, போவம்."

"அதோட மற்ற நேர்த்தியையும் திருப்பி எடுக்கவேணும்."

"எந்த மற்ற நேர்த்தி?"

அப்பா தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி வான் திறப்பைத் தேடுவது போலச் சட்டைப்பையைத் துழாவினாள்.

"உனக்கு வேலை கிடைக்கக்கூடாது எண்டு வேண்டினது" என்றார்.

நான் நின்றுவிட்டேன்.

"கனகாலத்துக்கு இல்லைப் பிள்ளை. எனக்கு இது முடியுமட்டும்தான். நீ வேலைக்குப் போனா எனக்கு ஆர் சொல்லித் தாறது? தங்கச்சிக்கு நேரமில்லை, கொம்மாவுக்குப் பொறுமையில்லை. நீ ஒருத்திதான் நான் எத்தினை தரம் கேட்டாலும் சலிக்காமல் சொன்னனீ. நீ இல்லாட்டி நான் இண்டைக்கும் நித்திரை எண்டுதான் சொல்லியிருப்பன்."

போன மாதம் பேர்னில் ஒரு வேலை கைக்கு எட்டி வந்தது. கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக நின்று, இரண்டாவதாக வந்து, ரயில் முழுக்க அழுதுகொண்டு வீடு திரும்பியிருந்தேன்.

"பேர்ன் வேலையுமோ?"

"அதுக்குத்தான் பிள்ளை கூட வேண்ட வேண்டி வந்தது. நீ நல்லாக் கதைச்சிருப்பாய் எண்டு எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு தேங்காய் நேந்தனான்."

நான் சமூகவியல் படித்தவள். பேர்னில் ஓர் அலுவலகம் எடுத்த முடிவைப் பிள்ளையார் மாற்றினார் என்று நம்புகிறவள் அல்ல. ஆனால் அந்த நேரம் எனக்குச் சமூகவியலும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. தரிப்பிடத்தின் நடுவில் நின்று குளறினேன். உங்களுக்கு விசரோ, பெத்த பிள்ளைக்கு ஆரும் இப்படி வேண்டுவினமோ, பேர்ன் வேலைக்கு எத்தனை நாள் படுத்துறங்காமல் ஆயத்தம் செய்தேன் தெரியுமோ என்று தமிழில் தொடங்கிச் சுவிஸ் ஜெர்மனுக்கு மாறி, திரும்பத் தமிழுக்கு வந்தேன். தங்கச்சி வானுக்குள் ஏறிக் கண்ணாடியை மேலே ஏற்றினாள்.

அப்பா என் கையைப் பிடித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். எதிர்வீட்டில் யாரோ யன்னலைத் திறந்தார்கள். ஆசிரியர் சைக்கிள் பூட்டைத் திறக்காமல் குனிந்தபடியே இருந்தார். அப்பாவின் முகத்தில் ஒரு வெட்கம், ஒரு பதற்றம்.

"சத்தம் போடாதை பிள்ளை" என்றார் மெதுவாக. "எங்கட ஊர்ச் சனம் பாக்குது."

இந்த ஊரை அவர் அப்படிச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கோபம் போகவில்லை. திட்டுவதற்கு வாயில் இன்னும் நிறைய மீதி இருந்தது, ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"வானிலை ஏறுங்கோ அப்பா. வீட்டை போய்க் கத்துறன்" என்றேன்.